தூங்கி முழிச்சா வர்ற கோளாறு

லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், அது உயிர்பெற்று வருவதற்குள் பொண்ணு வீட்டுக்காரர்கள் காபி குடித்து, மழை தண்ணி பேசி முடித்து, ஜோசியர் முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அய்யம்பெருமாள் அதை அணைப்பதே இல்லை. மூடினால் தூங்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து முழித்துக்கொள்ளும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் அவர் மச்சான் கலைச்செல்வன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. லீவில் வந்தபோது தான் வைத்திருந்த பழைய லேப்டாப்பை அக்கா வீட்டில் விட்டுப்போனான். அய்யம்பெருமாள் திருச்சிக்குப் போய் ஜாதகம் கணிக்கும் சிடி ஒன்றை வாங்கி அதில் ஏற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அரியலூரில் அவருக்குப் பேரே மாறிப்போனது. ரயிலடியில் இறங்கி ‘கம்ப்யூட்டர் ஜோசியர் வீடு’ என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து விடுவார்.

அந்த ஐப்பசியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் நடராசன் வீட்டுக்குப் போனார். நடராசன் முந்திரிக்கொல்லை வைத்திருப்பவர். மூத்த மகள் சத்யாவுக்குக் குன்னத்திலிருந்து வரன் வந்திருந்தது. பையன் சரத்குமார், பெரம்பலூரில் டிராக்டர் கம்பெனியில் வேலை. இரண்டு ஜாதகத்தையும் நடராசன் ஏற்கெனவே அரியலூருக்கு எடுத்துவந்து காட்டியிருந்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். இப்படி அமைவது அபூர்வம் என்று அய்யம்பெருமாளே வாய்விட்டுச் சொன்னார். இனி இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. பையனின் அம்மா மருதாயி நடுவில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அய்யம்பெருமாள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். திரை வெளிச்சமாயிற்று. வலப்பக்கம் சத்யாவின் கட்டம், இடப்பக்கம் சரத்குமாரின் கட்டம்.

“பாத்தீங்களாம்மா, எப்படி உக்காந்திருக்கு குரு!” என்று சொல்லிக்கொண்டே திரையை மருதாயி பக்கம் திருப்பினார்.

திருப்பியதும் படம் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டிக்’. பிறகு கட்டங்கள் இரண்டும் மறைந்து திரை கன்னங்கரேலென்று போனது. அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து. ‘டிஸ்க்’ என்ற ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது.

சத்யா காபித் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள்.

“என்ன ஜோசியரே, இருட்டிப்போச்சு?” என்றாள் மருதாயி.

“ஒண்ணுமில்லம்மா, மெஷினு… இதோ வந்துடும்.”

பித்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி போட்டார். அது தன் பாட்டுக்கு மெதுவாக எழுந்துகொண்டிருந்தது. அதற்குள் மருதாயி தன் தம்பியைப் பார்த்தாள், தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தான், மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். “சொல்லி அனுப்புறோம்ங்க” என்று நடராசனிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்கள். அவர்கள் வந்த வேன் தெருமுனை திரும்புகிற நேரத்துக்கு, லேப்டாப் ஒரு குறையுமில்லாமல் எழுந்து இரண்டு கட்டத்தையும் காட்டியது. பார்க்கத்தான் ஆளில்லை.

மறுநாளே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் பூங்குழலி என்ற பெண் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். பாலிடெக்னிக் படித்தவள், முப்பதுக்குள் வயசு. மாவட்டத்தில் லேப்டாப்பைத் துணிந்து பிரிப்பவள் அவள் ஒருத்திதான் என்று சொல்வார்கள்.

“எப்ப சார் வருது இந்தக் கோளாறு?”

“தூங்கி முழிச்சா வருதும்மா.”

“எல்லாத் தடவையுமா?”

“இல்ல. வூட்ல நல்லாத்தான் முழிக்குது. நேத்து நாலு பேரு முன்னாடிதான் மானத்தை வாங்கிருச்சு.”

பூங்குழலி லேப்டாப்பை மேசையில் வைத்து வயரைச் செருகினாள். மூடினாள், திறந்தாள். முழித்தது. கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தாள். முழித்தது. டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் சோதிக்கும் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டு, “சாயங்காலம் வாங்க” என்றாள். சாயங்காலம் போனபோது, “டிஸ்க்ல ஒரு பொட்டுக்கூடக் கெடலைங்க சார். இங்க நல்லாத்தான இருக்கு” என்று அவர் கண்ணெதிரே இன்னும் பலமுறை மூடித் திறந்து காட்டினாள். ஒவ்வொரு தடவையும் சமத்துப் பிள்ளை மாதிரி எழுந்துகொண்டது.

அடுத்த வாரம் திருமழபாடியில் அண்ணாதுரை என்பவர் வீட்டில் புதுமனைக்கு நாள் பார்க்கப் போனார். திறந்தார். டிக், டிக், கருப்பு. அண்ணாதுரை சிரித்து, “விடுங்க ஜோசியரே, பஞ்சாங்கத்தப் பாத்துச் சொல்லுங்க” என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் அய்யம்பெருமாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுபடி பெரம்பலூர். மறுபடி அந்த மேசை. மறுபடி ஒன்றுமில்லை.

“சார், கோச்சுக்காதீங்க. நெசமாவே வருதா?” என்று கேட்டாள் பூங்குழலி.

“நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“அப்படிச் சொல்லலைங்க. கண்ணால பாத்தாத்தான் எனக்குப் புடிபடும். நோயாளி டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் வுட்டுப்போற மாதிரி இருக்கு.”

அய்யம்பெருமாள் குழம்பிப்போனார். இருபது வருஷமாக அடுத்தவர் குழப்பத்துக்குக் காரணம் சொல்லி வந்தவர். தனக்கு வந்ததைத் தன் வழியிலேயே தேடினார். ராகு காலத்தில் திறந்ததாலா? நடராசன் வீட்டில் திறந்தது நல்ல ஓரையில். திசையா? பூங்குழலி கடையில் லேப்டாப் மேற்குப் பார்த்து இருந்தது, நடராசன் வீட்டில் தெற்கு. தன் வீட்டு மேசையில் தெற்கு நோக்கி வைத்துத் திறந்து பார்த்தார். முழித்தது. வடக்கே வைத்தார். முழித்தது. அடுப்படியிலிருந்து வந்த சிந்தாமணி, புருஷன் லேப்டாப்பைச் சாமி சிலை மாதிரி சுற்றிச் சுற்றி வைப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் அந்த லேப்டாப்புக்கே ஜாதகம் கணித்துவிடுவது என்று முடிவுகட்டி, சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

“கலை, அந்த லேப்டாப்ப என்னைக்கு வாங்குன? நேரம் ஞாபகம் இருக்கா?”

“மாமா, நானே அத ஒரு சீனன்கிட்டப் பழசாத்தான் வாங்குனேன். அவன் யார்ட்ட வாங்குனானோ!”

பிறந்த நேரம் தெரியாத ஜாதகம். போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கார்த்திகையில் நடராசன் வந்தார். வழக்கமாகச் சத்தமாகப் பேசிக்கொண்டே படியேறும் மனுஷன், அன்றைக்கு வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“குன்னத்துல வேணாம்னுட்டாங்க ஜோசியரே.”

“அய்யய்யோ.”

“அதுகூடப் பரவால்ல. ஜெயங்கொண்டத்துலேருந்து ஒரு எடம் வரதா இருந்துச்சு, அவங்களும் சத்தத்தக் காணோம். ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுங்களா? சத்யா ஜாதகத்தத் தொறந்தா மெஷினே செத்துப்போச்சாம். சந்தையில ஒரு பொம்பள எங்க வூட்டுக்காரிகிட்டயே கேட்டிருக்கா.”

அய்யம்பெருமாளுக்குச் சுருக்கென்றது. “அண்ணே, அது மெஷின் கோளாறுண்ணே. பொண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“எனக்குத் தெரியுது. நீங்களே போயி அவங்ககிட்டச் சொல்லுங்களேன்.”

போனார். குன்னத்தில் மருதாயி வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் காயப்போட்டிருந்தது. அவள் அதைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அந்த லேப்டாப் திருமழபாடியிலும் இதே மாதிரி நின்றது, சத்யாவின் ஜாதகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, தன் மேல் சத்தியம் என்றெல்லாம் அய்யம்பெருமாள் சொன்னார்.

“மெஷின் கோளாறுதான், நான் இல்லைங்கலை” என்றாள் மருதாயி நிதானமாக. “ஆனா ஜோசியரே, அது ஏன் எம்மவன் கட்டத்த என் பக்கம் திருப்புன அந்த நிமிசம் வரணும்? முன்னாடி வந்திருக்கலாம், பின்னாடி வந்திருக்கலாம். அப்ப ஏன் வந்துச்சு? சொல்லுங்க.”

இது அய்யம்பெருமாளுடைய கேள்வி. பல்லி விழுந்தது, விளக்கு அணைந்தது, தும்மல் வந்தது என்று யார் வந்து நின்றாலும், ‘அது ஏன் அந்த நேரத்துல நடக்கணும்?’ என்று கேட்டு வாயடைத்து அனுப்புவது அவர் வழக்கம். தன்னையே ஒருவர் அப்படிக் கேட்கும்போதுதான் அதற்குப் பதில் சொல்ல முடியாதென்று தெரிந்தது.

“நீங்களே சகுனம் இல்லேன்னு சொன்னா, நாங்க யார்கிட்டப் போயி கேக்குறது?” என்று சொல்லி, ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அங்கிருந்து திரும்பும்போது அரியலூர் பஸ்ஸில் ஏறாமல் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. சரி, வந்ததும் வந்தோம் என்று பூங்குழலி கடைக்குப் போனார். நடந்தது அத்தனையும் சொன்னார். சத்யாவைப் பற்றி ஊர் பேசுவதையும் சொன்னார்.

பூங்குழலி திருப்புளியைக் கீழே வைத்தாள். “எனக்கு ஜாதகத்துல நம்பிக்கை இல்லைங்க சார். வெளிப்படையாச் சொல்லிடறேன்.”

“எனக்கு உங்க மெஷின்மேல இல்லம்மா. அதனால சரியாப் போச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். “அந்த வூட்டுக்கே போவோமா? அன்னைக்கு எப்படிப் போனீங்களோ அதே மாதிரி. எதையும் மாத்தாம. எங்கிட்ட வந்தா வரமாட்டேங்குதுன்னா, அது வர்ற எடத்துக்கு நாமதான் போவணும்.”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வீட்டில் லேப்டாப்பை மூடித் தூங்கவைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து டவுன் பஸ். நடராசன் வீட்டுக் கூடத்தில் அதே ஜமக்காளத்தை விரித்தார்கள். நடராசனும் அவர் மனைவி செல்வம்மாளும் தள்ளி உட்கார்ந்தார்கள். சத்யா இந்தத் தடவை கதவோரம் நிற்கவில்லை. பூங்குழலிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அய்யம்பெருமாள் மடியில் வைத்துத் திறந்தார். வரக்கூடாதே என்றும் இருந்தது, வரவேண்டுமே என்றும் இருந்தது.

வெளிச்சம். கட்டங்கள். டிக். டிக். கருப்பு.

“வந்துருச்சு!” என்று பூங்குழலி துள்ளினாள். மற்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் லேப்டாப்பை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டாள். அணைத்துப் போட்டாள். எழுந்தது. மூடி, சற்று விட்டுத் திறந்தாள். மறுபடி கருப்பு.

“என் மேசையில இப்படி ஒரு தடவைகூட வரலையே” என்று தனக்குத்தானே சொன்னாள். முகம் சுருங்கியது. “எனக்கும் புரியலைங்க சார். உண்மையாவே புரியலை.”

அதைக் கேட்டதும் அய்யம்பெருமாளுக்கு ஒரு விநோதமான ஆறுதல் வந்தது. குழம்புகிறவர் தான் ஒருவர் மட்டும் இல்லை.

சூட்டைப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். கீழே இரண்டு திருகாணியைக் கழற்றி டிஸ்கை எடுத்துத் திரும்பச் செருகினாள். திறந்தால் கருப்பு. “என் கடையில இல்லாதது இங்க என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள். “சரி, இதுக்குள்ள சார்ஜ் எறங்கிரும். பிளக் எங்கம்மா இருக்கு?”

“உள் ரூம்ல, டிவிக்குக் கீழ” என்றாள் சத்யா. “கூடத்துல ஒண்ணும் கெடையாது.”

பூங்குழலி எழுந்தவள் அப்படியே நின்றாள். “சார், நீங்க வெளியூர் போனா வயர் செருக மாட்டீங்களா?”

“அடுத்தவங்க வூட்ல போயி பிளக் எங்கேன்னு கேக்குறதாம்மா? எடுத்துக்கிட்டே போறதில்ல. கொஞ்ச நேரந்தானே, பேட்டரிலயே ஓடுது.”

“உங்க வூட்ல?”

“மேசையில எப்பவும் செருகித்தான் இருக்கும்.”

“என் கடையிலயும்” என்றாள் பூங்குழலி. தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். தன் பையிலிருந்த வயரை எடுத்து, உள் ரூமில் டிவிக்குக் கீழே செருகி, லேப்டாப்பைத் தரையில் வைத்து மூடித் திறந்தாள். எல்லோரும் வாசற்படியில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். முழித்தது. வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்தாள். கருப்பு. செருகினாள், முழித்தது. பிடுங்கினாள், கருப்பு. செல்வம்மாள் வாயில் கைவைத்தாள்.

“பேட்டரிங்க சார். கெழடு. திரை எரியிற அளவுக்குத் தெம்பு இருக்கு. ஆனா தூங்கி எழும்போது உள்ள டிஸ்க் ஒரே மூச்சுல சுத்த ஆரம்பிக்கணும், அந்த நேரம் பாத்து மத்ததும் எல்லாம் சேந்து எழுந்திரிக்கும். அந்த இழுப்ப இது தாங்கல. பைக்குல பேட்டரி போனா ஹாரன் அடிக்கும், செல்ஃப் எடுக்காது பாருங்க, அந்தக் கதைதான். அணைச்சுப் போட்டா ஒண்ணொண்ணா எழுந்திரிக்குது, அதனால தப்பிச்சுக்குது. அப்படித்தான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா? உறுதியா இல்லையா?” என்றார் அய்யம்பெருமாள்.

“புதுப் பேட்டரி போட்டுப் பாத்துட்டு உறுதியாச் சொல்றேங்க.”

நடராசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நேரா குன்னத்துக்குப் போவோம் ஜோசியரே. இந்தப் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு. அந்தம்மா கண்ணு முன்னாடியே செருகியும் புடுங்கியும் காட்டிருவோம். எட்டுப் பொருத்தத்த இப்படி வுட்டுற முடியுமா?”

“வேணாம்ப்பா” என்றாள் சத்யா.

அவள் குரல் அந்த வீட்டில் அன்று அவ்வளவு தெளிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பினார்கள்.

“இன்னைக்கு இதுக்குக் காரணம் காட்டிருவீங்க. நாளைக்கு நான் காய்ச்சுற பாலு திரிஞ்சா? நான் போன மறுநாளு அவங்க மாடு ஒண்ணு படுத்துக்கிச்சுன்னா? அப்பல்லாம் இந்த அக்காவை நான் எங்க போயித் தேடுறது?”

“பையன் நல்ல பையன்மா…” என்று இழுத்தார் நடராசன்.

“இருக்கலாம். அன்னைக்கு அவரு வரலை. அதுக்கப்புறமும் என்ன ஏதுன்னு கேட்டு ஒரு போன் பண்ணலை.”

நடராசன் ஜோசியரைப் பார்த்தார். “என்னங்க இது? பொருந்தியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. பொருந்துன எடத்த இது வேணாங்குது. எதுதான் சரி?”

அய்யம்பெருமாள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். கணக்குத் தப்பவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சத்யா சொல்வதிலும் தப்பு இருப்பதாக அவருக்குப் படவில்லை. இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது என்றுதான் தெரியவில்லை. செல்வம்மாள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார்கள். பூங்குழலிக்கு ஒரு பை நிறைய முந்திரிப்பருப்பு கட்டிக்கொடுத்தாள்.

புதுப் பேட்டரி சென்னையிலிருந்து வர மார்கழி பிறந்துவிட்டது. போட்ட பிறகு எந்த வீட்டிலும் திரை இருளவில்லை. ஊர்ப் பேச்சும், அண்ணாதுரை போன்றவர்கள் தங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிச் சிரிக்கச் சிரிக்க, மெல்ல ஓய்ந்துபோனது. தை பிறந்ததும் மருதாயி ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம், சாமி சம்மதம் என்று வெள்ளைப்பூ வந்திருக்கிறது, பேசலாமா என்று. நடராசன் மகளை ஒருமுறை கேட்டுவிட்டு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாசியில் ஜெயங்கொண்டத்திலிருந்து, முன்னே சத்தமில்லாமல் போன அதே இடம் திரும்ப வந்தது. பையன் கலையரசன், அண்ணனோடு சேர்ந்து எண்ணெய் செக்கு வைத்திருப்பவன். அய்யம்பெருமாள் நடராசன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். கட்டங்கள் நிலையாக நின்றன.

“ஆறு பொருத்தம் இருக்குண்ணே.”

“ஆறா?” நடராசன் தாடையைச் சொறிந்தார். “அதுக்கு எட்டு இருந்துச்சு. ஆறு போதுமா, போதாதா? பட்டுனு சொல்லுங்க.”

முன்பென்றால் பட்டென்றுதான் சொல்லியிருப்பார். இப்போது திரையைப் பார்த்தார், மோட்டு வளையைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியலைண்ணே. அந்தப் பையன வரச்சொல்லுங்க. சத்யா ஒரு தடவ பேசிப் பாக்கட்டும்.”

ஜோசியர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நடராசன் கேட்டதே இல்லை. உள் ரூம் பக்கம் திரும்பி, மகளைக் கூப்பிட்டார்.